‘மை டார்லிங்’ என்று வந்த கடிதம்

போன மாதம் ஏரிக்கரை பெஞ்சில் நாம் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தபோது, நம்மில் ஒருவர் வங்கியில் நடந்ததைச் சொன்னார். கவுண்டரில் இருந்த பெண், பேத்தி வயதுதான் இருக்கும், "இங்க கையெழுத்து போடுங்க டியர்" என்றாளாம். எண்பது வயதில் நான் டியர் ஆகிவிட்டேன் என்று அவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தீர்கள். நான் மட்டும் முழங்கால் வலிக்கிறது என்று எழுந்து போனேன். முழங்காலில் வலி எதுவும் இல்லை. அந்த மாதிரிச் சொல் ஒன்றை வைத்துப் பதினொரு வயதில் நான் செய்த காரியம் நினைவுக்கு வந்துவிட்டது. உங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அரிசிக்குக் கார்டு, மண்ணெண்ணெய்க்கு வரிசை. பெங்களூர்க் கன்டோன்மென்ட், நாங்கள் சொல்லும் தண்டுப் பக்கம் போனால் தெருவெல்லாம் வெள்ளைக்காரச் சிப்பாய்கள், லாரிப் புகை, பூட்ஸ் பாலிஷ் வாசனை. எங்கள் வீடு அல்சூரில் ஒரு சந்துக்குள் இருந்தது. இரண்டு அறை, மேலே ஓடு, பின்னால் காய்க்காத ஒரு கொய்யா மரம். அப்பா ஒரு கர்னல் துரை பங்களாவில் பட்லர். வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள், இடுப்பில் சிவப்புப் பட்டை. இங்கிலீஷ் பேசினால் புரிந்துகொள்வார், பதிலும் சொல்வார். படிக்க ஓர் எழுத்தும் தெரியாது. அம்மாவுக்கு இரண்டும் இல்லை. தமிழ் பைபிளை எழுத்துக்கூட்டி வாசிப்பாள்.

எங்களோடு அத்தை இருந்தாள், அப்பாவின் ஒரே தங்கை. தாயும் தகப்பனும் போன பிறகு அப்பா தோளில் தூக்கி வளர்த்தவள். இருபத்திரண்டு வயதிலும் அவளைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். மிலிட்டரி ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆயா வேலை. சாயங்காலம் அவள் சந்துக்குள் திரும்பும்போதே கார்பாலிக் சோப்பு வாசனை வந்துவிடும். வெள்ளைக் கான்வாஸ் ஷூ போடுவாள். எங்கள் சந்தில் ஷூ போட்டு நடந்த ஒரே பெண் அவள்தான். தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வெள்ளைக்கட்டியைத் தண்ணீரில் குழைத்து, துணியால் பூசிக் கதவோரம் காயவைப்பாள். அது காய்வதற்குள் நான் காலை நுழைத்துப் பார்த்து, ஈரத்தில் விரல் தடம் பதிந்து, அவள் மறுபடி பூசுவாள். ஒருநாளும் திட்டியதில்லை.

வார்டில் நடந்ததையெல்லாம் எங்களுக்கு நடித்துக் காட்டுவாள். ஒரு கால் போன சிப்பாய் ஒருவன் ஜுரத்தில் அவளைப் பார்த்து "மம், மம்" என்று அழுதானாம். "அம்மாவாம், அம்மா. அவன விட எனக்கு ரெண்டு வயசு கூட இருந்தா பெருசு," என்று சிரித்தாள். சிரித்துவிட்டு ஷூவுக்குப் பூச வெள்ளைக்கட்டியை எடுத்தாள்.

அதிகமாக நடித்துக் காட்டியது நர்சுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் அம்மாவை. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் வார்டே நடுங்கும் என்பாள். அந்த அம்மாள் அத்தையை "ஆயா" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் காய்ச்சல் பார்க்கவும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் தானே நின்று சொல்லிக்கொடுத்தாள். சென்னைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போகும் நாளில் அத்தையைத் தனியே கூப்பிட்டு, நர்ஸ் வேலை படிக்க இஷ்டமா என்று கேட்டாளாம். விசாரித்து எழுதுகிறேன் என்று சொன்னாளாம்.

"அவங்க எங்க எழுதப் போறாங்க," என்றாள் அத்தை. ஆனால் தபால்காரர் வந்து போனாரா என்று அம்மாவை தினமும் கேட்பாள்.

"பாப்பா நர்சம்மா ஆயிட்டா நாமெல்லாம் எழுந்து நின்னு சலாம் போடணும்," என்பார் அப்பா. அவருக்கு அதில் சந்தோஷம்தான்.

நான் கான்வென்டில் பாதிச் சம்பளம் கட்டிப் படித்தேன். வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள். பங்களாவிலிருந்து காலி பிஸ்கட் டப்பா, ஜாம் புட்டி எது வந்தாலும் அதன் மேல் உள்ளதை வாசிக்கச் சொல்வார் அப்பா. விருந்தாளிகள் இருந்தால் இரண்டு தரம். சபை ஐயர், எங்கள் பாதிரியார், வீட்டுக்கு வந்தபோது ஒரு சோப்பு உறையை முழுக்க வாசித்துக் காட்டினேன். எனக்கும் தலைக்கனம் ஏறியிருந்தது. தெரியாத சொல் வந்தால் நிறுத்த மாட்டேன். ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டு மேலே போய்விடுவேன். தப்பென்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

அந்தக் கடிதம் ஒரு மழை நாளில் வந்தது. நான் பள்ளியிலிருந்து நனைந்து வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானப் பரிமாறலை முடித்துவிட்டு, துரை வீட்டுத் தேநீர் வேளைக்கு முன்னால் அப்பா ஒரு மணி நேரம் வீட்டுக்கு வருவார். அன்றும் வந்திருந்தார். உறைமேல் அத்தையின் பெயர். அவள் வேலையில் இருந்தாள்.

"அவ வரட்டுங்க, வந்து பிரிக்கட்டும்," என்றாள் அம்மா.

"கொழந்த படிச்சு சொல்லட்டும். எதுக்குப் படிக்க வைக்கிறோம்?" என்றார் அப்பா.

இரண்டு நீலத் தாள்கள். சாய்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடும் கையெழுத்து. பள்ளியில் உருண்டை எழுத்துதான் பழக்கம். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்பா எதிரே நின்றுகொண்டிருந்தார், வாய் வரவில்லை. மேலே முதல் வரியும் கீழே கடைசி வரியும் மட்டும் தெளிவாக இருந்தன.

"மை டார்லிங்," என்று வாசித்தேன்.

இடுப்புப் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது.

"என்னான்னு போட்டிருக்கு?"

"மை டார்லிங்னு. கடைசியில வித் லவ், பாபின்னு இருக்குப்பா."

"பாபியா? ஆம்பளப் பேரா அது?"

சிப்பாய்கள் ஒருவரையொருவர் டாமி, ஜானி, பாபி என்று கூப்பிடுவதைத் தெருவில் கேட்டிருக்கிறேன். "ஆமாப்பா."

"நடுவுல?"

நடுவில் எனக்குச் சில சொற்கள்தான் தட்டுப்பட்டன. ‘வா’ என்று ஓரிடத்தில். ‘என்னோடு’ என்று ஓரிடத்தில். ‘டிரெயின்’ என்று மூன்று தரம். அதன் வாலில் இன்னும் சில எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை நான் விட்டுவிட்டேன்.

"அங்க வரச் சொல்லி எழுதியிருக்குப்பா. ரயில்ல."

அப்பா பட்டையை அவிழ்த்து மடித்து வைத்தார். அப்புறம், "அந்த லவ்வுன்னு போட்டிருக்கே, அதுக்கு தமிழ்ல என்னா?" என்று கேட்டார்.

ஞாயிறு பள்ளியில் அதற்கு ‘அன்பு’ என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நூறு தரம் சொல்லியிருப்பேன். ஆனால் சினிமாக் கொட்டகை நோட்டீசில் பார்த்த இன்னொரு சொல் இருந்தது. பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லாத சொல். அது எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள ஆசையாக இருந்தது.

"காதல்," என்றேன்.

அம்மாதான் முதலில் பேசினாள். "அந்தத் துரைசாணி அவங்க நாயக்கூட டார்லிங் டார்லிங்னு கொஞ்சுறாங்கன்னு நீங்கதான சொன்னீங்க."

"நாய் வேற. துரைசாணிய துரை கூப்பிடுறது வேற. பதினெட்டு வருசமா மேசைகிட்ட நின்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். புருசன் பொண்டாட்டியத் தவிர எவனும் எவளையும் அப்படிக் கூப்பிட்டு நான் பாத்தது கிடையாது."

"ஐயர்கிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லலாங்க. துரைசாணிகிட்டயாவது."

"ஊரக் கூட்டிக் காட்டச் சொல்றியா?"

என் கையிலிருந்து தாள்களை வாங்கினார். கோபமாகப் பிடுங்கவில்லை. மெதுவாக, தட்டை எடுப்பதுபோல் எடுத்தார். போய் அடுப்பில் வைத்தார். நீலத் தாள் ஓரத்தில் பழுப்பாகிச் சுருண்டது.

அன்று அப்பா பங்களாவுக்குத் திரும்பிப் போகவில்லை. அத்தை சாயங்காலம் வந்தாள். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"பாபி யாரு?" என்றார் அப்பா.

"எந்த பாபிண்ணா?"

"நடிக்காத. ஒனக்குக் கடுதாசி வந்திருக்கு."

அவள் முகம் முதலில் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்.

"மேட்ரன் அம்மாகிட்ட இருந்தாண்ணா?"

"மேட்ரன் ஒன்ன டார்லிங்னு கூப்பிடுவாங்களா?"

"ஐயோ, அவங்க ஆயான்னுதான் கூப்பிடுவாங்க. பாபின்னு எனக்கு யாரையும் தெரியாதுண்ணா. சத்தியமா. எங்க, கடுதாசியக் காட்டுங்க."

கடிதம் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தேன். எப்போதோ காய்ந்துவிட்ட தலை.

மறுநாளிலிருந்து அவளை வேலைக்கு அனுப்பவில்லை. ஷூ கதவோரம் வெள்ளையாகவே கிடந்தது. மூன்று வாரத்துக்குள் ஆனேக்கலில் புளி மண்டி வைத்திருந்த ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டார்கள். மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். அத்தை அழுதாள், பட்டினி கிடந்தாள். பிறகு அதுவும் நின்றுவிட்டது. அப்பா அவளைப் ‘பாப்பா’ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அவள சாப்பிடச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்வார். தபால்காரர் மணி கேட்டால் அவள் மட்டும் தலையைத் தூக்குவாள். மேட்ரன் அம்மா எழுதுவதாகச் சொன்ன கடிதத்துக்குத்தான் அவள் காத்திருந்தாள். அது வந்துபோனது வீட்டில் யாருக்கும் தெரியாது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, அம்மாவும் அத்தையும் புடவை எடுக்கச் சிக்பேட்டைக்குப் போயிருந்தார்கள். நான் வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சந்து முனையில் ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. பூப்போட்ட கவுனும் வைக்கோல் தொப்பியும் போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள் இறங்கி, சாக்கடையைத் தாண்டித் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். முகமெல்லாம் செம்புள்ளி.

"ஹலோ, டார்லிங்," என்றாள் என்னைப் பார்த்து.

அரிசித் தட்டு என் மடியில் இருந்தது. அந்தச் சொல்லை அவள் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. அதில் ஒன்றுமே இல்லை. காய்கறிக்காரி என்னை ‘கண்ணு’ என்று கூப்பிட்டு நகரச் சொல்வாளே, அப்படி.

அத்தையின் பெயரைச் சொல்லி வீட்டில் இருக்கிறாளா என்று கேட்டாள். நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரியும்படி பேசினாள். டிரெயினிங் பற்றி எல்லாம் எழுதியிருந்தேனே, மூன்று வருடப் படிப்பு, அவளுக்கு ஓர் இடம் வாங்கி வைத்திருக்கிறேன், என்னோடு தங்கலாம் என்றுகூட எழுதினேன், ஏன் பதிலே இல்லை என்றாள். இங்கே ஒரு வேலையாக வந்ததால் நேரிலேயே பார்த்துவிடலாம் என்று வந்தாளாம்.

"பாபி வந்தேன் என்று சொல்லு," என்றாள். பிறகு நெற்றியில் கை வைத்துச் சிரித்தாள். "முட்டாள் நான். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாதே. என் சிநேகிதர்கள் கூப்பிடும் பெயர் அது. மேட்ரன் வந்தாள் என்று சொல்லு."

எல்லாம் புரிந்துவிட்டது. டிரெயினின் வாலில் நான் விட்டுவிட்ட எழுத்துகள்கூடக் கண்முன் வந்து நின்றன. இனி அத்தை வருவாள். இந்த அம்மாளைப் பார்ப்பாள். அப்பா வருவார். எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். ஐயர் வீடு, பக்கத்து வீடு எல்லாம் தெரியும். இங்கிலீஷ் படித்த குழந்தை.

"ஷி இஸ் மேரீட், மேடம்," என்றேன்.

கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று சொல்ல வந்தவள், இலக்கணம் தெரியாமல் கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். பல வருடம் எனக்கு நானே இப்படிச் சொல்லிக்கொண்டேன். அது பொய். எதிர்காலத்தில் நடக்கப்போவதைச் சொல்லும் விதத்தை அந்த வருடம்தான் படித்திருந்தேன். பரீட்சையில் அதற்கு முழு மார்க் வாங்கியவள் நான்.

அந்த அம்மாள் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "சந்தோஷமாக இருக்கிறாளா?" என்று கேட்டாள்.

"யெஸ், மேடம்."

என் கன்னத்தில் ஒரு விரலால் தட்டிவிட்டுப் போனாள். ஜட்கா கிளம்பும் சத்தம் கேட்டது.  அரை மணி நேரத்தில் அம்மாவும் அத்தையும் வந்துவிட்டார்கள். அத்தை எனக்கு ஒரு முழம் பச்சை ரிப்பன் வாங்கி வந்திருந்தாள்.

பத்து நாள் இருந்தது. இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அப்பா முகத்தைப் பார்த்தால் தைரியம் போய்விடும். அத்தை முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். கல்யாணத்தன்று கோவிலில் அவள் முழங்காலிட்டபோது நான் பின்னால் பூக்கூடையோடு நின்றேன். புதுப் பாவாடை, தலையில் அந்தப் பச்சை ரிப்பன்.

பிற்பாடு நான் இங்கிலீஷ் டீச்சர் ஆனேன் என்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தேன். முன்பின் தெரியாதவருக்கும் ‘டியர் சார்’ என்று தொடங்க வேண்டும், அதில் பிரியம் எதுவும் கிடையாது என்பேன். ‘மை டியர் ஃபெலோ’ என்று ஒரு வெள்ளைக்காரன் ஆரம்பித்தால் சண்டைக்கு வருகிறான் என்று அர்த்தம் என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். நேரில் விறைப்பாக இருப்பவர்கள்தான் கடிதத்தில் டார்லிங் என்று உருகுவார்கள், சின்னவர்களைப் பெரியவர்கள் அப்படி அழைப்பது சாதாரணம் என்றும் சொல்வேன். அதற்கு மட்டும் உதாரணம் சொன்னதில்லை.

அத்தையின் புருஷன் கெட்டவர் இல்லை. அந்த இரண்டு பிள்ளைகளையும் தன்னுடைய மூன்றையும் அவள் வளர்த்தாள். தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு தரம் சர்க்கார் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, சர்ட்டிபிகேட் இல்லாமல் இதையெல்லாம் செய்யக் கூடாது என்று தெருவில் வைத்து அதட்டினாளாம். அத்தை கை கட்டி நின்றாளாம். அம்மா சொல்லித் தெரியும். அப்பா ஆனேக்கலுக்கு ஒருநாளும் போகவில்லை.

அப்பா இறந்து மூன்று வருடம் கழித்து நான் போனேன். எனக்கு ஐம்பது வயது ஆகப்போகிற சமயம். அவரைக்காய் சீசன். அத்தை ஊறவைத்த அவரைப் பருப்பைத் தோல் பிதுக்கி ஒரு சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து பிதுக்கினேன். பிதுக்கிக்கொண்டே சொல்லிவிட்டேன். கடிதம், டிரெயினிங், சனிக்கிழமை, ஜட்கா எல்லாம்.

அவள் கை நின்றது.

"வீட்டுக்கு வந்தாங்களா?"

"வந்தாங்க அத்தே."

"என்னத் தேடிக்கிட்டா?"

"ஆமா."

"நான் எங்க போயிருந்தேன்?"

"அம்மாவோட சிக்பேட்டைக்கு. பொடவ எடுக்க."

"எழுதவே இல்லைன்னு அவங்களத் திட்டிக்கிட்டு இருந்தேனே இத்தன வருசமா," என்றாள். பிறகு, "மூணு வருசப் படிப்பா?" என்று கேட்டாள்.

நான் அழுதேன். அழாதே என்று அவள் சொல்லவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பதினோரு வயசுப் புள்ள. பயந்துட்ட. சரி, அத விடு," என்றாள். "ஆனா அப்பறம் பெரியவ ஆன இல்ல நீ. அண்ணன் ஆறு மாசம் படுக்கையில கெடந்தாரு. நான் வாரா வாரம் பஸ் புடிச்சு வந்தேன். என் கையால ஒரு வாய்க் கஞ்சி குடிக்கல அவரு. மூஞ்சத் திருப்பிக்கிட்டாரு. எவனோ சிப்பாயோட போக இருந்தவன்னு நெனச்சுக்கிட்டே செத்தாரு. அப்போ நீ அந்த ரூம்லதான இருந்த?"

இருந்தேன். அவள் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை வாங்கி அப்பாவுக்கு ஊட்டியவளே நான்தான்.